கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி

திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

சிவப்பு என்றால் கணையத்தில் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தம். நீலம் என்றால் நோயில்லாதவர்களின் ரத்தம். நடுவே ஒரு கோடு. சிவப்பெல்லாம் கோட்டுக்கு மேலே, நீலமெல்லாம் கீழே. சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திக் கூட்டம்போலத் தனித்தனியாக.

ஒரே ஒரு நீலம் மட்டும் கட்சி மாறி, மேலே சிவப்புக் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

"இவ்வளவு அழகான படத்துக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வேண்டாமா?" என்றான் கணக்குப்புலி.

அறையே சிரித்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவர்கூடச் சிரித்தார். அவர் பல்லைப் பார்த்தே பல வருடமாயிற்று என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

சிரிக்கக் காரணம் இருந்தது. கணையம் வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒளிந்துகிடக்கிற உறுப்பு. அங்கே புற்று வந்தால் சத்தமே போடாது. வலிக்கிறது என்று ஆள் டாக்டரிடம் போகும்போது காரியம் கைமீறியிருக்கும். அதற்கு முன்பே ரத்தத்தில் ஏதாவது ஒன்று கூடியோ குறைந்தோ நோயைக் காட்டிக்கொடுக்குமா என்பதுதான் அவர்களுடைய தேடல். அப்படிக் காட்டிக்கொடுக்கிற பொருளுக்குத்தான் பயோமார்க்கர் என்று பெயர். ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் மிதக்கின்றன. நோயாளியின் ரத்தத்தையும் நோயில்லாதவரின் ரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சலித்துச் சலித்துக் கடைசியில் சல்லடையில் நின்றது ஒரே ஒரு புரதம். அதன் நிஜப் பெயர் யார் வாயிலும் நுழையாது. கண்ணில் படுவதும் பறப்பதுமாக இருந்ததால் கணக்குப்புலி அதற்கு 'சிட்டு' என்று பெயர் வைத்தான். அவன் புள்ளிவிவர நிபுணன். எண்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கிண்டல் செய்வான்.

சிட்டைப் பிடித்தவள் அந்தக் கூடத்து ஆராய்ச்சியாளரான அவள். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒப்பந்தம் ஆகிவிட்டால் சிட்டு ஒரு பரிசோதனைப் பெட்டிக்குள் ஏறி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போய்விடும். தலைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எந்த நம்பர்?" என்று கேட்டாள்.

முப்பத்தொன்று என்றான் கணக்குப்புலி. ஆரோக்கியமானவர்களிலும் ஒன்றிரண்டு பேருக்கு அப்படிக் காட்டத்தான் செய்யும், அதற்காகக் கண்ணீர் விட வேண்டாம் என்றும் சொன்னான்.

முப்பத்தொன்று யாரென்று யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. ரத்தம் கொடுத்தவர்களின் பெயரை எடுத்துவிட்டு நம்பர் மட்டும் ஒட்டுவதே அதற்காகத்தான். அவளுக்கும் தெரியாது. ஆனால் ஃப்ரீசரைத் திறந்தால் தெரிந்துவிடும் என்பது மட்டும் தெரியும். அதுதான் தொல்லை.

கூட்டம் கலைந்ததும் நேராக ஃப்ரீசர் அறைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. பெட்டியை இழுத்து, முப்பத்தொன்றாம் நம்பர் குப்பியை எடுத்து, உறைந்திருந்ததைக் கையுறைக்குள் பொத்தி உருக விட்டாள். கொஞ்ச நேரத்தில் உருகியது.

உள்ளே சீரம், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் தெளிவு, வெளிர்மஞ்சளாய்க் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். இதுவோ பால் கலந்த தண்ணீராக இருந்தது.

நாற்பது நீலத்தில் பால்போல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய அண்ணனின் ரத்தம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆரோக்கியமான ஆட்கள் தேவை என்று அவள் தெரிந்தவர்களையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, ஆரோக்கியம் என்றால் நான்தானே என்று தானாகவே வந்தான். வெறும் வயிற்றோடு வா என்று சொல்லியிருந்தாள். வந்தவன், சத்தியமாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றான். ரத்தத்தை எந்திரத்தில் சுற்றவிட்டுப் பிரித்தபோது, மேலே நின்ற சீரம் வெள்ளைவெளேரென்று அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எண்ணெய் சொட்டச் சொட்ட எதையோ ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருக்கிறான். அன்று அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. அவர்களுடைய அப்பா கணையத்தில் புற்று வந்துதான் போனார். முதலில் வாயு என்றார்கள். அப்புறம் அல்சர் என்றார்கள். சரியான பெயரைச் சொன்னபோது, சொல்லியும் பயனில்லாமல் போயிருந்தது. அவள் இந்த வேலைக்கு வந்ததே அந்தக் கோபத்தில்தான். அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாம். சிட்டு சொல்வது உண்மையென்றால், அண்ணனுக்குள் அது இப்போதே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

கொழுப்புதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். சீரம் கலங்கலாக இருந்தால் சில பரிசோதனைகள் தப்புக் கணக்குக் காட்டும். குப்பியை எந்திரத்தில் வேகமாகச் சுற்றவிட்டாள். கொழுப்பு ஆடைபோல மேலே ஒதுங்கியது. அடியிலிருந்த தெளிவை மட்டும் உறிஞ்சியெடுத்து மறுபடி சோதித்தாள். முடிவு வரும்வரை உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கழுவிய கண்ணாடிக் குடுவைகளையே திரும்பக் கழுவினாள்.

எண் வந்தது. முன்பு வந்த அதே எண், முனைகூட மழுங்காமல்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றாள். அண்ணி கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க நாத்தனாரே. சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னைக்கு?"

அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒரு லிஃப்ட் கதவின் பூட்டைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தான். வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தை ஒர்க் ஷாப் ஆக்கிவிட்டதாக அண்ணி குறைப்பட்டாள். தங்கையின் காதில் எதுவும் விழவில்லை. அண்ணனின் இடுப்பையே பார்த்தாள். பெல்ட்டில் பழைய ஓட்டை வாய்பிளந்து கிடக்க, கொக்கி உள்ளே தள்ளி மாட்டியிருந்தது. அப்பாவின் பெல்ட்டும் அப்படித்தான் உள்ளே உள்ளே போனது.

இளைத்துவிட்டானே என்று பட்டும் படாமலும் கேட்டாள். இளைக்காமல் என்ன செய்வார், ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை நான்தான் வெட்டிவிட்டேனே என்று அண்ணி பெருமையோடு சொன்னாள். அதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த நிமிடம் அண்ணன் எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நெளிந்தான். வந்த மூச்சு போய்விட்டது.

"முதுகு வலிக்குதா? எத்தனை நாளா? சாப்பிட்டப்புறமா, முன்னாடியா?"

"லிஃப்ட் குழிக்குள்ள நாள் பூரா குனிஞ்சு நின்னா உனக்கும் வலிக்கும்" என்றான் அண்ணன். "என்ன பொடிசு, வந்ததுலேர்ந்து என்னையே குறுகுறுன்னு பாக்குற? சொத்தை எழுதி வாங்க வந்தியா? இந்தப் பூட்டைத் தவிர என்கிட்ட ஒண்ணுமில்ல."

அவள் சிரித்து வைத்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்க ஆசை. விளக்கு மஞ்சளாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அண்ணனை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனால் சந்தேகப்படுவான். தட்டில் போட்டதை மென்று விழுங்கிவிட்டுக் கிளம்பினாள். படி இறங்கும்போது, சொல்லாமல் வந்துவிட்டோமே என்று ஒரு மனம் குத்தியது. எதைச் சொல்வது என்று இன்னொரு மனம் கேட்டது. இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பரிசோதனையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனிடம் போய், உனக்கு வந்திருக்கலாம் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. வெள்ளிக்கிழமைக்கான படங்களைத் தயார் செய்யச் சொல்லித் தலைவர் காலையிலேயே இருமுறை ஆளனுப்பிவிட்டார். அவள் ஒரு தாளில் அண்ணனின் உருளைத் தலையைக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற நீலங்களிலிருந்து இந்த ஒன்று எதில் வேறுபட்டது? கொழுப்பில். அது இல்லையென்று ஆயிற்று. வேறு எதில்?

ரத்தம் எடுத்த நாளை மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஆரோக்கியமானவர்கள் எல்லோரையும் ஆய்வுக்கூடத்துக்கே வரவழைத்தார்கள். ஊசி போட்ட இடத்துக்கும் சுற்றும் எந்திரத்துக்கும் கை எட்டும் தூரம். ரத்தம் உறைய அரைமணி, உடனே எந்திரத்தில் சுற்றல், சீரம் பிரித்து ஃப்ரீசர். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அண்ணன் மட்டும் எல்லோரும் போனபிறகு ஆடி அசைந்து வந்தான். ரத்தம் எடுத்ததும் தலை சுற்றுகிறது என்று நாடகம் போட்டான். உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு ஊசியைக் கண்டால் பயம். அவனைக் கைத்தாங்கலாகக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய், பேசிச் சிரித்து, அவன் வண்டியில் ஏறும்வரை நின்று வழியனுப்பிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் அண்ணனின் டியூபைச் சுற்றவிட்டாள். நம்ம அண்ணன்தானே, ஒரு தடவை தாமதமானால் என்ன என்று நினைத்தாள்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

அவன் ரத்தம் காத்திருந்தது. டியூபுக்குள் ரத்த அணுக்கள் உயிரோடு இருந்து, களைத்து, தங்களுக்குள் இருப்பதைச் சீரத்தில் கசியவிட்டுக்கொண்டே இருந்திருக்கும். கசிந்தது சிட்டாக இருந்தால்? அப்படியானால் அண்ணனுக்கு ஒன்றுமில்லை. காத்திருந்ததுதான் குற்றம். எழுந்து குதிக்கவேண்டும்போல் இருந்தது. எழவும் செய்தாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

நோயாளிகளின் ரத்தம் எவ்வளவு நேரம் காத்திருந்தது?

ஆஸ்பத்திரி எதிர்க் கட்டடம். ஒரு மணி நேரத்துக்குள் டியூபை மாடி வார்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவளே விதி எழுதிக் கொடுத்திருந்தாள். அனுப்புவதாக வார்டிலும் சொல்லியிருந்தார்கள். அவள் போய்ப் பார்த்ததில்லை. இன்றைக்குப் போனாள். வார்டில் ரத்தம் எடுக்கத் தொடங்கும் நேரத்துக்குப் போய் நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டாள்.

முதல் டியூப் ஸ்டாண்டில் ஏறியது. மேசை ஜன்னலோரம். டியூபின் மேல் வெயில். இரண்டாவது ஏறியது. நேரம் போயிற்று. ஒருவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. இன்னொருவர் ஸ்கேனுக்குப் போய்விட்டார், வந்தபிறகு எடுக்கலாம் என்றார்கள். டியூப்களை எடுத்துப்போகும் ஆள் எட்டிப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அவள் கேட்டாள். ஸ்டாண்டு நிறையவில்லையே என்றாள் நர்ஸ், இதென்ன கேள்வி என்பதுபோல. அரைகுறை ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஆள் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தால் மற்ற வார்டுக்கு யார் போவது? நிறைந்தால்தான் அனுப்புவது. எப்போதும் அப்படித்தான். விதியில் ஒரு மணி என்று இருக்கிறதே என்று அவள் சொன்னதும் நர்ஸுக்கு முகம் சுருங்கியது. ஸ்டாண்டு நிறைந்ததிலிருந்து ஒரு மணி என்றுதானே எல்லோரும் எடுத்துக்கொண்டோம் என்றாள்.

நர்ஸ் மேல் தப்பில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் இருந்தவள் இவள்தான். ஸ்டாண்டு நிறைந்தபோது மதியம் ஆகியிருந்தது. நோயாளிகளின் ரத்தம் அத்தனையும், தினம் தினம், இந்த ஜன்னலில் வெயில் காய்ந்தபிறகுதான் கீழே வந்திருக்கிறது.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பிழைத்தால் சிட்டு சாகும். சிட்டு பிழைத்தால் அண்ணன். வாழ்நாளில் முதல்முறையாக, தான் கண்டுபிடித்தது பொய்யாகப் போகவேண்டும் என்று மனதார ஆசைப்பட்டாள். ஆசைப்பட்ட கையோடு, அத்தனை வருட உழைப்பும் கண்முன்னால் வந்து நின்றது. எதற்கு அழுவது என்று தெரியாமல் அழுகை வந்தது.

கணக்குப்புலியிடம் மட்டும் சொன்னாள். அவன் கிண்டலே செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தது பயமாக இருந்தது. கேட்டு முடித்ததும் சட்டைக் கையை மடித்து நீட்டினான்.

"எடுங்க மேடம். எனக்கு ரெண்டு டியூப். ஒண்ணு உடனே சுத்துங்க, ஒண்ணு ஜன்னல்ல வைங்க. யாரு வாழ்ந்தாலும் சரி, வீழ்ந்தாலும் சரி, கணக்கு சுத்தமா இருக்கணும்."

ஆய்வுக்கூடத்தில் நோயில்லாத ஆட்கள் ஏழெட்டுப் பேர் கையை நீட்டினார்கள். எதற்கென்று கேட்காமலே நீட்டினார்கள். வார்டிலும் ஒரு சிறிய சுற்றும் எந்திரத்தைக் கொண்டுபோய் மேசையடியில் வைத்தாள். புதிதாகச் சேர்ந்த நோயாளிகளிடமும் இரண்டிரண்டு டியூப். ஒன்று அங்கேயே அரைமணியில் சுற்ற, ஒன்று வழக்கம்போல் காத்திருக்க. நர்ஸ் முறைத்துக்கொண்டேதான் இடம் விட்டாள்.

இனி அண்ணன். இன்னொரு முறை ரத்தம் வேண்டும், போனதடவை எடுத்தது சிந்திவிட்டது என்று போனில் சொன்னாள். வந்தான். வெறும் வயிறா என்று அவள் கேட்கவே இல்லை. முன்போல் தலைசுற்றல் நாடகமும் இல்லை. ஊசி ஏறும்போது வேறுபக்கம் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிந்திடுச்சுன்னு சொன்னியே, அது பொய்தானே?"

அவள் பஞ்சை அழுத்திப் பிடித்தாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து முதுகு வலி எப்படின்னு கேட்ட பாரு, அப்பவே தெரியும். அப்பாகிட்ட டாக்டர் கேட்ட கேள்வி அது. சாப்பிட்டப்புறமா, முன்னாடியான்னு. நானும்தானே பக்கத்துல நின்னேன்."

சொல்லக் கூடாதுதான். விதி அப்படி. விதி எழுதிய கையாலேயே விதியை உடைத்தாகிவிட்டது, இனி என்ன. சொன்னாள். கோடு, புள்ளிகள், பால்போல் இருந்த குப்பி, கேன்டீனுக்குப் போன மதியம், ஜன்னலில் காய்ந்த ஸ்டாண்டு, எல்லாம். லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்டால் எந்த இடத்தில் என்று காதைக் கொடுத்துக் கேட்பானே, அப்படிக் கேட்டான் அண்ணன்.

"அண்ணிக்குச் சொல்லாத" என்றான் கடைசியில். "மேல போறதும் கீழ வர்றதும்தான் நம்ம தொழில். ஆனா அவ தாங்க மாட்டா."

போகும்போது கதவுவரை போய்த் திரும்பி, எப்போது தெரியும் என்று கேட்டான். நாளைக்கு என்றாள். சரி என்று போய்விட்டான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் நடைபாதையில் தேய்ந்துகொண்டே போயிற்று. இன்றைக்கு எந்தக் குழிக்குள் இறங்கப் போகிறான், கவனம் சிதறாமல் கம்பியைப் பிடிப்பானா என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் கணக்குப்புலியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவன் எண்களை ஒவ்வொன்றாக ஏற்றினான்.

முதலில் ஆய்வுக்கூடத்து ஆட்கள். உடனே சுற்றியது: கோட்டுக்குக் கீழே. காத்திருந்தது: மேலே. அடுத்த ஆள்: கீழே, மேலே. அடுத்தது: கீழே, மேலே. கணக்குப்புலியின் ரத்தமும் காத்திருந்தபின் நோயாளி ஆகிவிட்டது. யாருமே தப்பவில்லை.

பிறகு வார்டு. காத்திருந்தவை மேலே, எதிர்பார்த்ததுபோல. உடனே சுற்றியவை கோட்டுக்குக் கீழே, ஆரோக்கியமானவர்களோடு தோளோடு தோள் உரசி நின்றன. படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களின் ரத்தம் அது.

கடைசியாக அண்ணன். காத்திருந்தது மேலே. உடனே சுற்றியது...

கீழே. நன்றாகக் கீழே.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கணக்குப்புலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், திரும்பக் கழற்றினான்.

"சிட்டு நோயைக் காட்டல. எவ்வளவு நேரம் காத்திருந்துதுன்னு காட்டுது. நாம ஒரு கடிகாரத்தைக் கண்டுபிடிச்சிருக்கோம், மேடம்."

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்தான். எங்கோ குழிக்குள் நிற்கிறான்போல, குரல் எதிரொலித்தது. உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். கண் மறுபடி திரைக்குப் போயிற்று.

கோட்டுக்குக் கீழே இருந்தால் என்ன அர்த்தம்? எழ முடியாத நோயாளிகளும்தான் கீழே இருக்கிறார்கள். உனக்கு நோய் என்று சொன்ன அதே சிட்டுதான் இப்போது இல்லை என்கிறது. முதலில் சொன்னது பொய் என்றால் இரண்டாவதை மட்டும் எப்படி நம்புவது?

"பொடிசு? என்னாச்சு?"

"அண்ணா, அந்த டெஸ்ட் தப்பு" என்றாள். "உனக்கு இருக்குன்னு அது சொன்னது தப்பு."

"அப்ப எனக்கு இல்ல."

"அப்படியும் சொல்ல முடியல. அதுக்கு உன்னைப் பத்தி எதுவுமே தெரியாது. எனக்கும் தெரியாது."

எதிர்முனையில் எங்கோ இரும்பு உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணன், அப்படியானால் நானும் ரோட்டில் போகிற எல்லோரையும்போலத்தான் என்றான். ஆமாம் என்றாள். அப்பா அப்படிப் போனவர், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும் என்றும் சொன்னாள். சொல்லும்போதே, பாவி, ஒரு நிமிடமாவது அவனைச் சந்தோஷமாக இருக்க விட்டிருக்கலாமே என்று தோன்றியது.

தலைவரிடம் போவதற்குக் கணக்குப்புலியும் கூடவே வந்தான். அவர் மேசையில் வெள்ளிக்கிழமைக்கான படங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன. அவள் புதிய படத்தை அதன் மேல் வைத்தாள். ஸ்டாண்டு கதையைச் சொன்னாள், அண்ணன் கதையையும் மறைக்காமல் சொன்னாள். முப்பத்தொன்று யாரென்று போய்ப் பார்த்தது விதிமீறல், அதற்கு என்ன தண்டனையானாலும் ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னாள்.

தலைவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். காத்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டால் ஏதாவது மிச்சம் தேறாதா என்று கணக்குப்புலியைக் கேட்டார். அவன் உதட்டைப் பிதுக்கினான். ஒருவேளை கம்பெனிக்காரர்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் மெதுவாக... என்று தலைவர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"சார்" என்றாள் அவள். "இது பெட்டியில ஏறிப் போச்சுன்னா, எங்கேயோ ஒருத்தரோட ரத்தம் ஸ்டாண்டுல காத்திருக்கும். அவருக்கு நோய்னு வரும். அவங்க வீட்டுல யாராவது, நான் இந்த வாரம் இருந்தமாதிரி இருப்பாங்க. அதைவிட மோசம், நோய் இருக்கறவரோட டியூப் சீக்கிரமாப் போயிடும். ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிடுவோம்."

தலைவர் படங்களைக் கவிழ்த்து வைத்தார். உன் விதிமீறலுக்குத் தனியாக விசாரணை உண்டு, அதில் நான் குறுக்கே வரமாட்டேன் என்றார். பிறகு அவர்கள் எதிரிலேயே போனை எடுத்துக் கம்பெனிக்காரர்களை வரவேண்டாம் என்றார். காரணம் கேட்டிருப்பார்கள்போல. நாங்கள் தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். போனை வைத்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சல்லடையில் சிட்டுக்கு அடுத்ததாக நின்றது எது என்று கேட்டார். ஏழெட்டு இருக்கிறது, எது எது காத்திருந்தால் ஏறும் என்று முதலில் பார்க்க வேண்டும் என்றாள்.

அண்ணன் ஸ்கேன் எடுக்க ஒப்புக்கொண்டான். அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். அப்பாவின் கதையைக் கேட்டதும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவரும் எழுதிக்கொடுத்தார். ஸ்கேன் சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு திருகப்பட்டிருந்தன. அண்ணன் உள்ளே போயிருந்தான். அண்ணிக்குச் சொல்லாமல் வர முடியவில்லை. சொல்லிக் கூட்டிவந்தான். சொன்னதிலிருந்து அண்ணி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாமல் இருந்தவள், கதவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பேசினாள்.

"என் சமையல்கட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போன. ஒரு வார்த்தை சொல்லல. நான் வேற, சாப்பாட்டைக் குறைச்சேன்னு பெருமை பேசிட்டிருந்தேன்."

மன்னிச்சுடுங்க அண்ணி என்றாள். எனக்கே ஒன்றும் தெரியாமல் உங்களிடம் என்ன சொல்வது என்று பயந்துவிட்டேன் என்றாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். நானும் சேர்ந்து தெரியாம இருந்திருப்பேன்ல."

அண்ணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கோபம் தீராமலே இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தான். பின்னாலேயே டாக்டர் படத்தோடு வந்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். கணையம் இங்கே ஆரம்பித்து இங்கே முடிகிறது என்று பேனாவால் தடவினார். அவள் அவருக்கு முன்பே படத்தை மேய்ந்துவிட்டாள். ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனாலும் தன் கண்ணை நம்பாமல் அவர் வாயையே பார்த்தாள்.

"இன்னைக்கு எதுவும் இல்ல" என்றார் டாக்டர்.

அண்ணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மட்டும் விடவில்லை.

"இன்னைக்குன்னா?"

இன்றைக்கு என்றால் இன்றைக்குத்தான் என்றார் டாக்டர், சலிக்காமல். படத்தில் தெரிகிற அளவுக்கு எதுவும் இல்லை, அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம். அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான் தெரியும் என்பதுபோல.

அவர்கள் எழுந்த நாற்காலிகள் காலியாவதற்காகவே ஒரு குடும்பம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. ஒரு பெரியவர், அவர் மகள்போல ஒருத்தி, கையில் பழைய ஸ்கேன் உறை. இடம் கிடைத்தும் அவர்கள் உடனே உட்காரவில்லை. உள்ளேயிருந்து வந்த மூன்று பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.